பழைய காரை வாங்கிய கையோடு பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று ஏதாவது ஒன்று வைக்கோலுக்கும் உர மூட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அப்பா வாங்கியது, தாத்தா வாங்கியது. விற்க மனசில்லை, ஓட்ட ஆளில்லை. அப்படி ஒரு காரை வாங்க நினைப்பவர்களுக்கும், சொந்த வீட்டில் நிற்கும் காரை மறுபடி எடுக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 1969 மாடல் ஃபியட் 1100 டிலைட் ஒன்றை, கம்பெனியில் அடித்த வெளிர்நீலப் பெயிண்ட் அப்படியே இருக்கும் நிலையில், கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாங்கினேன். அதை என் பெயருக்கு மாற்றி ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் படாத பாடு பட்டுவிட்டேன். பாதிப் பாடு காகிதங்களில். மீதி, "ஒரு கோட் அடிச்சா புது வண்டி மாதிரி ஆயிடும் சார்" என்று சொன்ன ஒவ்வொருவரிடமிருந்தும் அந்தப் பெயிண்ட்டைக் காப்பாற்றியதில்.

என்ஜினை இறக்கி ஏற்றலாம், சீட்டை மறுபடி தைக்கலாம், குரோமியம் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடியாது. அதனால்தான் பழைய கார் தெரிந்தவர்கள் பளபளவென்று புதுப்பித்த காரைவிட, மங்கிப்போனாலும் தொடாத காருக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார் போட்டியில் 2024இல் முதல் பரிசு வாங்கிய 1934 புகாட்டி டைப் 59, ரெஸ்டோர் செய்யாத கார்களுக்கான பிரிவில் வந்த கார். அந்தப் பிரிவிலிருந்து ஒரு கார் அங்கே முதல் பரிசு வாங்கியது அதுவே முதல் முறை. நம்ம ஊர் ஃபியட்டுக்கு அந்த விலை வராது, ஆனால் பார்வை அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது.

1. முதலில் ஆர்.சி. புக், அப்புறம்தான் கார்

காரைப் பார்த்ததும் மனசு போய்விடும், அதனால் காகிதத்தை முதலில் கேளுங்கள். ஆர்.சி. புக் ஒரிஜினலா, நகலா, தொலைந்துவிட்டதா? புத்தகத்தில் இருக்கும் பெயர் யாருடையது, அவர் உயிரோடு இருக்கிறாரா? டெல்டாவில் இப்படி நிற்கும் கார்களில் பெரும்பாலானவை இறந்துபோன ஒருவரின் பெயரில்தான் இருக்கும். விற்பவர் மகனோ பேரனோ ஆக இருப்பார். அவருக்குச் சட்டப்படி அதை விற்கும் உரிமை, வாரிசுகள் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வருகிறது.

புத்தகத்தில் மூன்று இடங்களை நிறுத்திப் பாருங்கள்.

முதலாவது, நிறம். புத்தகத்தில் ஒரு நிறம், கண்ணெதிரே வேறு நிறம் என்றால் எப்போதோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பதிவு செய்யவில்லை. பெயிண்ட் ஒரிஜினலா என்ற கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். மேலும் நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பது சட்டம், அந்தத் தலைவலி வாங்குபவர் தலையில்தான் விழும்.

இரண்டாவது, ஹையர் பர்ச்சேஸ் முத்திரை. அந்தக் காலத்தில் கடனில் எடுத்த கார் என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறியிருக்கும். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ரத்து மட்டும் செய்திருக்க மாட்டார்கள். அதை நீக்க ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும், அந்தக் கம்பெனியோ இன்று இருக்காது. இதை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பாத்துக்கலாம்" என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பது. சொந்த உபயோக கார் ஒன்றுக்கு முதலில் 15 ஆண்டு, அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் நின்ற காருக்கு, புதுப்பிக்கும் கட்டணத்தோடு தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்ற கணக்கும் மத்திய விதியில் இருக்கிறது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தையே 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், ஜி.எஸ்.டி. தனி. வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார் என்றால் 80,000. பசுமை வரி பாக்கி இருந்தால் அதுவும் சேரும். அதனால் விலை பேசும் முன்பே ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொரு சிக்கல், மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய பதிவு எண்கள். இவற்றில் பல, கம்ப்யூட்டர் பதிவில் ஏறவே இல்லை. அரசின் 'வாகன்' இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. வண்டி போலி என்று அதற்கு அர்த்தமில்லை, பழைய பதிவேட்டிலிருந்து பார்த்து ஏற்ற வேண்டும், அதை 'பேக்லாக்' என்பார்கள். முதலில் பதிவு செய்த அலுவலகம் வேறு ஊர் என்றால் அங்கிருந்து சரிபார்த்து வர வேண்டும். டெல்டாவில் மாவட்டங்கள் பிரிந்து பிரிந்து போனதில், பழைய பதிவேடு எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. இந்த ஒன்றுக்கு மட்டும் சில வாரங்களை ஒதுக்கி வையுங்கள்.

2. பெயிண்ட் ஒரிஜினலா என்று நீங்களே பாருங்கள்

"ஒரிஜினல் பெயிண்ட்" என்று எல்லாரும் சொல்வார்கள். பல பேர் நம்பித்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் சின்ன வயதிலிருந்து அந்த நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பிறக்கும் முன்பே ஒரு தடவை அடித்திருக்கலாம்.

காலை வெயிலில் பாருங்கள், நிழலிலோ ராத்திரி டியூப்லைட்டிலோ பார்க்கவே பார்க்காதீர்கள். கையில் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, துணி சுற்றிய சின்ன காந்தம், ஒரு வெள்ளைத் துணி போதும். முடிந்தால் பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்றும்; ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது, இரவல் வாங்கினாலும் சரி.

வெளியே பார்ப்பதற்கு முன் ஒளிந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். டிக்கியில் மேட்டைத் தூக்குங்கள். கதவைத் திறந்து கீல் இருக்கும் இடுக்கைப் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில், பெட்ரோல் மூடிக்கு உள்ளே, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். என் காரில் டிக்கி மேட்டுக்கு அடியில் இருந்த நீலம், கூரையில் இருந்ததைவிட இரண்டு படி அழுத்தமாக இருந்தது. வெயில் படாத நீலம் அது, வெளியில் இருப்பது அதே நீலம் அம்பது வருஷம் வெளுத்தது. இந்த இரண்டும் ஒரே நிறத்தின் இரண்டு வயதாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. உள்ளே ஒரு நிறம், வெளியே சம்பந்தமே இல்லாத இன்னொன்று என்றால் விஷயம் முடிந்தது.

அடுத்து கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கும் திருகாணிகளும். மறுபடி அடிக்கும்போது பீடிங்கைக் கழற்றாமல் பேப்பர் ஒட்டித்தான் அடிப்பார்கள், எங்காவது ரப்பரின் ஓரத்தில் ஒரு கோடு பெயிண்ட் ஏறியிருக்கும். நகத்தால் ரப்பரை மெதுவாக விலக்கி அடியில் பாருங்கள். கதவுக் கீல் திருகாணியின் வெட்டில் பெயிண்ட் உடையாமல் இருந்தால் அந்தக் கதவு கழற்றப்படவே இல்லை.

கல் பட்டுப் பெயர்ந்த இடம் ஒன்று எந்தக் காரிலும் இருக்கும், முன் மட்கார்டின் ஓரத்தில். அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தகடு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் ஒரே ஒரு நிறம். அவ்வளவுதான் இருக்க வேண்டும். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் அத்தனை முறை அடித்திருக்கிறார்கள்.

வெள்ளைத் துணியை லேசாக ஈரமாக்கி ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அந்தக் காலப் பெயிண்ட்டுக்கு மேலே கிளியர் கோட் கிடையாது, அதனால் காரின் நிறம் துணியில் கொஞ்சம் ஒட்டும். ஒட்டவே இல்லை, கண்ணாடி மாதிரி வழுக்குகிறது என்றால் பிற்காலத்தில் அடித்த 'டூகே' (2K, ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பெயிண்ட் என்று சந்தேகப்படலாம். ஆனால் ஒட்டினாலே ஒரிஜினல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒர்க்‌ஷாப்பில் அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டும் ஒட்டும்.

காந்தத்தைக் கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, ஜன்னலுக்குக் கீழே என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிய பசை. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும், தகடு என்றால் கணீரென்று கேட்கும், பட்டி என்றால் சத்தம் செத்துவிடும். மீட்டர் இருந்தால் கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 மைக்ரானை ஒட்டி நிற்கும்; 200, 300 என்று போனால் மறு பெயிண்ட்; 1000த்தைத் தாண்டினால் பட்டி. ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் காரைச் சுற்றி நிறைய இடத்தில் அளந்து, எங்கே திடீரென்று ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு மட்கார்டு மட்டும் மாறியிருந்தால் குற்றமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மாட்டு வண்டியாவது இடித்திருக்கும்.

கடைசியாக ஒன்று, டெல்டாவுக்கு மட்டும். கார் தண்ணீரில் நின்றதா என்று பாருங்கள். சீட்டைத் தூக்கி ஸ்பிரிங்கைப் பாருங்கள், கதவு அட்டையின் அடியில் நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். 2018 கஜா புயலை நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்து வீடுகள் எல்லாம் பார்த்திருக்கின்றன. கடலோரத்துக் காரில் பெயிண்ட் நன்றாக இருந்தும் அடிச்சட்டம் உப்பில் போயிருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. காப்பாற்றத் தகுந்ததுதானா

தொடாத கார் எல்லாமே பொக்கிஷம் என்று நான் சொல்ல மாட்டேன். தரைத்தகடு ஓட்டை, படிக்குக் கீழே கைவைத்தால் உதிர்கிறது, பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது என்றால் அங்கே காப்பாற்ற எதுவும் இல்லை, அதை முறையாக ரெஸ்டோர் செய்வதுதான் சரி. மங்கியிருக்கிறது, மெல்லிய விரிசல் கோடுகள், அங்கங்கே தேய்ந்து பிரைமர் தெரிகிறது, ஆனால் உடல் திடமாக இருக்கிறது என்றால் பெயிண்ட்டில் கைவைக்கக் கூடாத கார் அது.

4. பெயர் மாற்றம்

உயிரோடு இருப்பவர் விற்றால் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி. புக், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரு தரப்பு முகவரிச் சான்று. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். மாற்றக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், ஆனால் பதிவு காலாவதியாகியிருந்தால் அதைப் புதுப்பிக்காமல் எதுவும் நகராது.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் நோட்டரி முன்பு கையெழுத்திட்ட ஆட்சேபணையில்லை உறுதிமொழி. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம், ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை எல்லாம் முடிந்து வர நாளாகும். ஒரு அத்தை பெங்களூரில், ஒரு சித்தப்பா சிங்கப்பூரில் என்று இருந்தால் கையெழுத்து வாங்குவதற்கே மாதக்கணக்கு ஆகிவிடும். முறைப்படி முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாறி, அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற வேண்டும். "நேரா உங்க பெயருக்கே மாத்திடலாம்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் எந்தப் படிவத்தில் என்று கேளுங்கள்.

ஆர்.சி. புக் தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றோடு படிவம் 26. இதையும் விற்பவர் பெயரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயிண்ட்டோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆய்வுக்குப் போகும்போது சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் படிவத்தில் ஒட்டச் சொல்வார்கள். பானட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் எண் துருவில் மங்கியிருந்தால், கூட வரும் ஆள் உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தையே பளிச்சென்று தேய்த்துவிடுவார். அதைச் செய்ய விடாதீர்கள். எண் அழிந்தால் கார் காகிதத்தில் செத்துவிடும், சுற்றியிருக்கும் கம்பெனி பெயிண்ட்டும் போய்விடும். கொஞ்சம் துருநீக்கும் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் எண் எழும்பி வரும். இதை வீட்டிலேயே முந்தின நாள் செய்துவிட்டுப் போங்கள்.

"எஃப்.சி.க்குப் போறீங்க, பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாத்தான் பாஸ் ஆகும்" என்றும் சொல்வார்கள். பிரேக், லைட், ஹாரன், வைப்பர், டயர், புகை, இவைதான் பார்க்கப்படும். மங்கிய பெயிண்ட் ஒரு குறை ஆகாது. துருவில் ஓட்டை இருந்தால் அது வேறு விஷயம்.

5. விண்டேஜ் பதிவு வேண்டுமா, வேண்டாமா

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, வணிக உபயோகமில்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 20இல், கூடவே இன்சூரன்ஸும் பழைய ஆர்.சி.யும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அடுத்து புதுப்பிக்க 5,000. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். 60 நாளுக்குள் படிவம் 23ஏ வழங்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் காருக்கு மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விண்டேஜ் பதிவில் இருக்கும் காரைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுவாமிமலைக்கும் திருவையாறுக்கும் போய் வர வேண்டும் என்று ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். கார் என்பது ஓட வேண்டியது என்பது என் கட்சி.

6. முதல் கழுவல்

இங்கேதான் நிறையக் கார்கள் போய்விடுகின்றன. வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் காய்ந்த பீடிங் வழியாகத் தண்ணீர் கதவுக்குள் போகும், விரிசல் விட்ட பெயிண்ட் செதிலாகப் பெயரும்.

போர்வெல் தண்ணீரும் ஆகாது. கடல் பக்கம் போகப் போக உப்பு, உள்ளே வந்தால் சில இடங்களில் இரும்புக் கறை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, இல்லையென்றால் கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர். சோப்பு கார் ஷாம்பூ மட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, துணி சோப்புத் தூள் வேண்டாம். டீசல் துணியால் துடைத்தால் பளபளக்கும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள், ஒரு நாள் பளபளக்கும், அப்புறம் தூசியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், ரப்பரும் ஊதிப்போகும்.

உலர்ந்த துண்டால் ஒருபோதும் தூசி தட்டாதீர்கள். நம்ம பக்கம் தூசி என்றால் அதில் உமி இருக்கும், உமியில் சிலிகா நிறைய. அறுவடைக் காலத்தில் ரைஸ்மில் பக்கம் நின்ற காரைத் துண்டால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, அப்புறம் மெத்தென்ற துணி.

ரப்பிங் காம்பவுண்டும் மெஷின் பாலிஷும் வேண்டவே வேண்டாம். 100 மைக்ரான் பெயிண்ட்டில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், ஓரங்களிலும் மடிப்புகளிலும் ஒரே தேய்ப்பில் பிரைமர் தெரிந்துவிடும். காய்ந்துபோன பழைய பெயிண்ட்டுக்கு எண்ணெய்ப் பசை கொடுக்கும் கிளேஸ் என்று கிடைக்கிறது, அதைக் கையால் பூசி ஒரு ராத்திரி விட்டுத் துடைத்து, மறுபடி பூசி, கடைசியில் கார்னாபா மெழுகு. என் காரின் கூரை சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்திருந்தது. நாலைந்து தடவை கிளேஸ் குடித்த பிறகு நீலம் உள்ளிருந்து எழும்பி வந்ததைப் பார்த்து கார் வாங்கிய கிராமத்துப் பெரியவர் ஒருவரே ஆச்சரியப்பட்டார். மொத்தச் செலவு ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும் காசுகூட இல்லை. துணியில் வரும் நிறத்தை வெறும் கையால் தொடாதீர்கள், அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். கையுறை போடுங்கள், உலர்வாக எதையும் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

7. துரு, பிரேக், டயர்

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். ஒரு கம்பியை மெதுவாக விட்டுக் கிண்டுங்கள். என் காரில் இடது பின் கதவிலிருந்து ஒரு கைப்பிடி பதரும் களிமண்ணும் கட்டியாக வந்தன, அதற்குப் பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். எத்தனை மழைக்காலத்துத் தண்ணீரோ, அந்தக் கதவு உள்ளிருந்தே அழுகிக்கொண்டிருந்தது. நாலு கதவுக்கும் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும், காசே கிடையாது.

துளைகளைத் திறந்து, உள்ளே முழுக்கக் காயவிட்டு, அப்புறம் இடுக்குகளில் அடிக்கும் மெழுகை ஸ்பிரே செய்யுங்கள். காயாமல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியது மாதிரி. அதனால் துரு வேலையை மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுங்கள், ஐப்பசியில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். வெளியில் தெரியும் துருப்புள்ளிக்கு டேனிக் அமிலம் உள்ள துரு மாற்றியை மெல்லிய பிரஷ்ஷால் துருவின் மேல் மட்டும் தொட்டு வையுங்கள். கறுப்பாகி நின்றுவிடும், அது அப்படியே இருக்கட்டும்.

பெயிண்ட் பழையதாக இருக்கலாம், பிரேக் பழையதாக இருக்கக் கூடாது. பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், பெட்ரோல் டியூப், இவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதிது. டயரில் கடைசி நாலு எண் வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். நாலு எண்ணே இல்லை, மூன்றுதான் என்றால் அது 2000க்கு முந்தைய டயர், எவ்வளவு பட்டன் இருந்தாலும் ஓட்டாதீர்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், அதுவும் காரோடு சேர்ந்ததுதான்.

8. நிறுத்தும் இடம்

மண்தரை வேண்டாம், ஈரம் கீழிருந்து ஏறும். சிமெண்ட் தரை இல்லையென்றால் தடித்த பாலிதீன் விரித்து அதன் மேல் பலகை போட்டு நிறுத்துங்கள். தார்ப்பாய், லாரி ஷீட், பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் உள்ளே வியர்த்து ஒரே பருவத்தில் பெயிண்ட் கொப்புளம் போடும். காற்று போகும் பருத்தித் துணிக் கவர்தான் நல்லது.

உர மூட்டையை அதே ஷெட்டில் வைக்கவே கூடாது. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தில் கசிந்து தகட்டைத் தின்னும். மாட்டுக் கொட்டகை பக்கமும் வேண்டாம். வைக்கோல் இருந்தால் எலி, எலி இருந்தால் ஒயரிங் போச்சு.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது, வைக்க வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். கண்ணாடியிலும் குரோமியம் பம்பரிலும் வையுங்கள். பானட்டில் நேராக வைத்தால் மஞ்சள், குங்குமக் கறை பழைய பெயிண்ட்டுக்குள் இறங்கிவிடும், எதை வைத்துத் தேய்த்தாலும் போகாது. கல்யாணத்துக்குக் கேட்டு வருவார்கள், மறுக்க முடியாத உறவாக இருந்தால் பூவை நூலில் கட்டச் சொல்லுங்கள். டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்ட்டோடு வரும்.

9. இன்சூரன்ஸ்

கார் கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ரோட்டுக்கு மூன்றாம் நபர் பாலிசி போதும், ஆனால் காருக்கும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் மதிப்பில் கவனமாக இருங்கள். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் நடைமுறை. பேசாமல் விட்டால் பழைய இரும்பு விலையைப் போட்டுவிடுவார்கள். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, பெயிண்ட் ஒரிஜினல் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். மீட்டர் அளவுகளையும் மேட்டுக்கு அடியில் எடுத்த போட்டோக்களையும் அதோடு இணையுங்கள். பின்னால் யாராவது இடித்து மட்கார்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தால், போனது ஒரு கோட் பெயிண்ட் மட்டுமில்லை என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.

10. அடித்தே ஆக வேண்டும் என்றால்

சில இடத்தில் வேறு வழியிருக்காது, தகடு வெளியே தெரிந்து துரு பரவுகிறது என்றால் தொட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் முழுக் கதவும் அல்ல, அந்தப் புள்ளி மட்டும். ஸ்பிரே வேண்டாம், நுனி மெலிந்த பிரஷ். நிறத்தை டிக்கிக்குள் பார்த்துக் கலக்காதீர்கள், வெளியே வெளுத்திருக்கும் நிறத்துக்குக் கலக்கச் சொல்லுங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கண்ணால் பார்த்து நிறம் கலக்கும் பழைய பெயின்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் கலவையைவிட இந்த வேலைக்கு அவர்கள்தான் சரி. ஆனால் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருங்கள். நீங்கள் டீ குடித்து வருவதற்குள், பாவம் என்று நல்லெண்ணத்தில் பக்கத்து இடத்தையும் சேர்த்து வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுவிடுவார்கள். தொட்ட இடம் எது, என்ன பெயிண்ட், எந்தத் தேதி என்பதை எழுதி, முன்னும் பின்னும் எடுத்த போட்டோவோடு ஆர்.சி. நகல் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள்.